பால் லாரியில் போன வாக்கு

மூன்று. இந்த எண்ணை மறக்காமல் மேலே படியுங்கள். எங்கள் ஊர் கில்பி. பள்ளிகளை நடத்த ஊர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பள்ளிக் குழுவில் ஐந்து பேர். அந்த ஐந்தில் மூன்று பேர் ஓரிடத்தில் சேர்ந்து பள்ளி விஷயம் பேசினால் அது கூட்டம். கூட்டம் என்றால் ஊருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். யார் வந்தாலும் உட்கார மடக்கு நாற்காலி போட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில், எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் சட்டம் இதுதான். பள்ளிக்கூட ஜிம்மில் பேசினாலும் சரி, துக்கச் சாப்பாட்டில் பேசினாலும் சரி.

இந்தச் சட்டத்தை மார்லிஸ் எங்கன் கடைப்பிடித்த மாதிரி எங்கள் ஊரில் யாரும் கடைப்பிடித்ததில்லை. உடைத்ததும் அவர்தான்.

மார்லிஸ் பால் லாரி ஓட்டுகிறார். விடியும் முன்னே நார்டால் மேட்டுக்கு ஏறி, பண்ணை பண்ணையாக நின்று பாலை உறிஞ்சி ஏற்றிக்கொண்டு, கில்பியில் இருக்கும் சீஸ் ஆலைக்கு இறங்குவார். அந்த ஆலையில் சங்கம் கட்டியவர்களில் நானும் ஒருவன். மார்லிஸை மட்டும் என்னால் கடைசிவரை சேர்க்க முடியவில்லை. "லாரி என்னோடது. எனக்கு நானே முதலாளி. யாரை எதிர்த்துக் கோஷம் போடறது, கண்ணாடிய பாத்தா?" என்பார். கணவர் டென்னிஸ் முதியோர் இல்லத்தில் சமையல்காரர். பிள்ளைகள் இல்லை. நவம்பரில் மான் வேட்டைக்கு ஒரு வாரம் லாரியை வேறு ஆளிடம் கொடுப்பார். மற்ற நாளெல்லாம் அவரேதான். லூத்தரன் தேவாலயத்தில் பாடகர் குழுவில் இருக்கிறார். சுமாராகப் பாடுவார், சத்தமாகப் பாடுவார்.

பிள்ளை இல்லாதவருக்குப் பள்ளிக் குழுவில் என்ன வேலை? இதை நிறையப் பேர் கேட்டார்கள். "எனக்கு அந்த ரோடு தெரியும்" என்பதுதான் அவர் பதில்.

மேட்டின் உச்சியில் ஒரு சின்னப் பள்ளி இருக்கிறது. ஐந்து வயதிலிருந்து பதினொரு வயதுவரை அங்கே படிப்பார்கள். அதற்குமேல் கீழே கில்பிக்கு வரவேண்டும். எங்கள் மாவட்டப் பள்ளிகளின் நிர்வாகி டாக்டர் ஹோல்ட், கல்வியில் டாக்டர் பட்டம் வாங்கியவர், அந்த மேட்டுப் பள்ளியை மூடிவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் பஸ்ஸில் கீழே கொண்டுவரலாம் என்று திட்டம் போட்டார். கெட்ட எண்ணமில்லை. கூரை ஒழுகுகிறது, ஆசிரியர்கள் மேட்டுக்கு வர மறுக்கிறார்கள், ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எல்லாம் உண்மை.

மேட்டிலிருந்து இறங்கும் ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பனி உறைந்த ஜனவரி காலையில் அது ரோடு அல்ல, கண்ணாடி. ஒரு குளிர்காலத்தில் மார்லிஸின் லாரி, தொட்டி நிறையப் பாலோடு, ஒரு வளைவில் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய் வேலியில் சாய்ந்து நின்றது. ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவே வெகுநேரம் ஆனது என்று சொன்னார். அதே ரோட்டில், அதே நேரத்தில், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு ஒரு பஸ். மார்லிஸுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த பஸ் ஓடக்கூடாது.

அதற்காக அவர் மனு எதுவும் போடவில்லை. அந்த ஏப்ரலில் குழுவில் ஒரு இடம் காலி. நிற்க ஆளில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஊர் கூடிச் சாப்பிடும் மீன் வறுவலில், படைவீரர் மன்றத்தில், வாயில் ரொட்டியோடு மார்லிஸ் சொன்னார்: "யாரும் நிக்கலன்னா நான் உக்காந்து தொலைக்கிறேன்." அவ்வளவுதான் பிரசாரம். வாக்குச் சீட்டில் பேர் அச்சடிக்காத அந்த இடத்தில் அறுபத்திரண்டு பேர் அவர் பேரைக் கையால் எழுதிப் போட்டார்கள்.

குழுவில் பழைய ஆள் ரோஜர் கிளிங்க். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அவருக்கு இது பிடிக்கவில்லை. முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மார்லிஸ். பள்ளிக்கூடம் நடத்தறது ஒரு தொழில். அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. பால் லாரி ஓட்டறவங்க பால் லாரி ஓட்டட்டும்."

"நீங்க என்ன படிச்சீங்க ரோஜர்?"

"நான் பிசினஸ்."

"அப்ப உங்களுக்கும் எனக்கும் சேத்து ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பத்தாது. வாங்க, சேந்தே கத்துக்குவோம்."

குழுவில் சேர்ந்தவர்களுக்கு ஒருநாள் வகுப்பு வைப்பார்கள். அங்கேதான் இந்த மூன்று அவர் தலையில் ஏறியது. அதன்பிறகு அவரோடு சாப்பிடப் போனால் வேடிக்கைதான். குழுவில் இருந்த இன்னும் இரண்டு பேர் மேட்டுப் பண்ணைக்காரர்கள். ஒருவர் ஆர்வின் ஹாகன், எழுபதைத் தாண்டியவர், கூட்டத்தில் கையைத் தூக்குவார், வாயைத் திறக்கமாட்டார். இன்னொருவர் ஜீன் பப்ளிட்ஸ், மார்லிஸோடு ஒரே வகுப்பில் படித்தவர், வாயை மூடமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை மார்லிஸும் ஆர்வினும் ஒரே மேசையில் மீன் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஜீன் தட்டோடு வந்து நின்றார். மார்லிஸ் உடனே தன் தட்டைத் தூக்கினார்.

"உக்காரு மார்லிஸ், கடிச்சா வச்சிடப்போறேன்?"

"மூணு பேராயிட்டோம்."

"மீனப் பத்தித்தானே பேசறோம்."

"மீன்ல ஆரம்பிச்சுப் பள்ளிக்கூடத்துக்கு வர உனக்கு எவ்வளவு நேரம் ஆகும் ஜீன்? நீ அங்க போ. இல்ல நான் போறேன்."

"போ போ. அந்த உருளைக்கிழங்க மட்டும் வச்சிட்டுப் போ."

மார்லிஸ் போய் என் மேசையில் உட்கார்ந்தார். உருளைக்கிழங்கை வைத்துவிட்டு வரவில்லை.

இப்போது பால் விஷயம். பண்ணையில் குளிர்த்தொட்டிப் பாலை அப்படியே எடுத்துவிட முடியாது. முதலில் சுழலியைப் போட்டு ஐந்து நிமிடமாவது பாலைக் கலக்கவேண்டும். கலந்த பிறகுதான் சாம்பிள் எடுக்கலாம், பிறகுதான் குழாயை மாட்டலாம். அந்த ஐந்து நிமிடம் லாரிக்காரருக்கும் பண்ணைக்காரருக்கும் வேலை கிடையாது. பேசுவார்கள். எங்கள் மேட்டில் கல்யாணம், விவாகரத்து, டிராக்டர் விற்பனை எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் முடிவாகும். அடுத்த வருடம் மார்ச் மாதக் கூட்டத்தில் மேட்டுப் பள்ளி வாக்கெடுப்புக்கு வரும் என்று தெரிந்ததும், மார்லிஸும் அந்த ஐந்து நிமிடத்தில் ஆர்வினிடம் கேட்டார்.

"பள்ளிக்கூட விஷயத்துல என்ன நினைக்கிறீங்க ஆர்வின்?"

ஆர்வின் குளிர்த்தொட்டியின் மூடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "ஜீன் என்ன சொல்றான்?"

"இன்னும் கேக்கல."

"கேட்டுட்டு வாம்மா."

அடுத்த பண்ணை ஜீனுடையது. "கிழவர் என்ன சொன்னாரு?" என்றார் ஜீன்.

"நீ என்ன சொல்றன்னு கேட்டாரு."

"அவரு சரின்னா எனக்கும் சரி. என் இன்சூரன்ஸ் எல்லாம் ரோஜர்கிட்ட. நான் தனியா அவர எதிர்த்து நின்னா, அப்புறம் என் டிராக்டர் தீப்பிடிச்சா பக்கெட்டத் தூக்கிட்டு நான்தான் ஓடணும்."

மறுநாள் மார்லிஸ் ஆர்வினிடம் "ஜீன் சரின்னுட்டான்" என்றார். "அப்ப சரி" என்றார் ஆர்வின். அடுத்த பண்ணையில் "ஆர்வின் சரின்னுட்டாரு" என்றார். "அப்புறமென்ன" என்றார் ஜீன். தான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை என்று மார்லிஸ் பிறகு சத்தியம் செய்தார். நான் நம்புகிறேன். 'அவரு சரின்னா' என்பது 'சரி' ஆனது ரோட்டில் எந்த இடத்தில் என்று அவருக்கே தெரியவில்லை.

மார்ச் கூட்டம். மேட்டுப் பள்ளி தொடரட்டும் என்று மார்லிஸ் தீர்மானம் கொண்டுவந்தார். தலைவி பில்லிஸ் டோர்ன், ஓய்வுபெற்ற நர்ஸ், "யாராவது பேசறீங்களா?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. மார்லிஸ், ஆர்வின், ஜீன் ஒரு பக்கம். ரோஜர், பில்லிஸ் மறுபக்கம். முடிந்தது. நாற்காலியில் இருந்த நாங்கள் கைதட்டினோம்.

ரோஜர் கைதட்டல் அடங்கட்டும் என்று காத்திருந்தார். "ஒரு பள்ளிக்கூடத்தோட தலையெழுத்து. ஒரு வார்த்தை பேசல. நீங்க மூணு பேரும் இத எப்ப யோசிச்சீங்க?"

மார்லிஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. "யோசிக்காமயா? ஆர்வின் வீட்டுக்கும் ஜீன் வீட்டுக்கும் மாறி மாறிப் பேசி என் தொண்டையே கட்டிப்போச்சு."

எல்லோரும் சிரித்தோம். பள்ளி மாவட்டத்துக்குச் சட்டம் சொல்ல வந்து உட்கார்ந்திருந்த வக்கீல் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப மூணு பேரும் பேசியிருக்கீங்க" என்றார் ரோஜர்.

"மூணு இல்ல. எப்பவும் ரெண்டு பேர்தான். நான் கவனமாத்தான் இருந்தேன்."

"கூட்டத்த லாரியில ஏத்திட்டா அது கூட்டம் இல்லையா மார்லிஸ்?"

வக்கீல் எழுந்து நிதானமாக விளக்கினார். ஒருவர் இன்னொருவரிடம் கேட்டு, அதை மூன்றாமவரிடம் கொண்டுபோய், இப்படிப் பெரும்பான்மை சேர்த்தால், மூன்று பேரும் ஒரே மேசையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததற்குச் சமம். சட்டத்தில் அதற்கு 'நடந்து திரியும் கூட்டம்' என்று பேர். இந்த வாக்கு நிற்காது. ஏப்ரல் கூட்டத்தில் எல்லாவற்றையும் ஊர் முன்னால் முதலிலிருந்து பேசி மறுபடி வாக்கெடுக்க வேண்டும்.

மீன் வறுவலில் மூன்றாவது ஆளைக் கண்டதும் மேசை மாறிய பெண். அந்தக் கணம் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மேலும் சொல்லமாட்டேன்.

அந்த மாதம் முழுக்க ரோஜருக்குத் திருவிழா. முடிவெட்டும் கடை, வங்கி, பெட்ரோல் பங்க், எங்கே போனாலும் ஒரே பாட்டு. "நான் அப்பவே சொன்னேனா இல்லையா? நல்ல பொம்பளதான். இதயம் பெருசுதான். இதயத்த வச்சு மாவட்டம் நடத்த முடியுமா?" ஹோல்ட் மாதிரி விஷயம் தெரிந்தவர்களிடம் முடிவை விட்டுவிட்டு, குழு வருடத்துக்கு இரண்டு முறை கூடினால் போதும் என்றும் ஒரு பேச்சைக் கிளப்பினார். மார்லிஸ் விலகினால் அந்த இடத்துக்கு மிச்சமிருக்கும் நாலு பேரே ஆளைப் போட்டுக்கொள்ளலாம். ரோஜர் ஆளையும் பார்த்து வைத்திருந்தார்.

மார்லிஸ் என் வாசலில் லாரியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"விலகிடட்டுமா?"

"விலகு. வர்ற ஜனவரில அந்த பஸ் பின்னாடியே லாரிய ஓட்டிட்டு வா. வழுக்கினா தெரிஞ்சுக்கலாம்."

"உன்கிட்ட வந்து கேட்டேன் பாரு" என்று கியரைப் போட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் கூட்டத்தை ஜிம்முக்கு மாற்ற வேண்டியதாயிற்று. முன்பு யாரும் திரும்பிப் பார்க்காத கூட்டம். இப்போது கூடைப்பந்து இறுதிப் போட்டி மாதிரி படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மார்லிஸ்தான் முதலில் பேசினார். நான் எத்தனையோ தலைவர்களின் மன்னிப்பைக் கேட்டிருக்கிறேன். "ஏதாவது தவறு நடந்திருந்தால்" என்று ஆரம்பிப்பார்கள். மார்லிஸ் அப்படி ஆரம்பிக்கவில்லை.

"நான் தப்புப் பண்ணேன். மூணு பேர் சேந்து உக்காரக்கூடாதுங்கறத மட்டும் பிடிச்சுக்கிட்டேன். அது எதுக்குன்னு யோசிக்கல. நீங்க கேக்கணும்ங்கறதுக்குத்தான் அது. இப்ப முதல்ல இருந்து பேசுவோம். ஆர்வின், நீங்க ஏன் சரின்னீங்க?"

ஆர்வின் மைக்கைப் பார்த்தார். ஜிம் முழுக்க அவரைப் பார்த்தது.

"ஜீன் சரின்னான்" என்றார்.

"நீ ஏன் சரின்ன ஜீன்?"

"கிழவர் சரின்னாருன்னு நீதானே சொன்ன?"

படிகளில் சிரிப்பு கிளம்பி அடங்க நேரமானது. ரோஜர் கைகளை விரித்தார். "பாத்துக்குங்க. ரெண்டு மாடு ஒன்ன ஒன்னு பாத்துத் தலையாட்டியிருக்கு. இதுக்குப் பேரு வாக்காம்."

"மாட்டச் சொல்லாதீங்க ரோஜர்" என்றார் ஆர்வின். "மாடு பாத்துத்தான் கால் வைக்கும்." அவர் கூட்டத்தில் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

பில்லிஸ் பொதுமக்களைப் பேசச் சொன்னார். வழக்கமாகப் பேசும் மேட்டுப் பண்ணைக்காரர்கள் வழக்கமானதைப் பேசினார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். ஆலையின் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி பாக்கெட்டில் சொருகியிருந்தார். பேர் டானெல் ப்ரூட். மேட்டுப் பள்ளிக்குக் கீழே வரிசையாக நிற்கும், லாரியில் இழுத்துவந்து நிறுத்திய டிரெய்லர் வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறார். ஆலையில் முதல் ஷிப்ட்.

"மார்லிஸ், உங்கள எனக்குத் தெரியும். உங்க லாரி தினம் என் வீட்டு வாசல் வழியாத்தான் போவுது. நின்னதில்ல."

மார்லிஸ் ஏதோ சொல்லப் போனார்.

"குத்தம் சொல்லல. என்கிட்ட மாடு இல்ல, நீங்க ஏன் நிக்கணும்? ஆனா அந்தப் பள்ளிக்கூடத்துல இப்ப படிக்கிறதுல பாதிக்கு மேல எங்க வரிசைப் பிள்ளைங்க. பண்ணையில பிள்ளைங்க எங்க இருக்கு? ஆர்வின் பேரன் சிகாகோவுல இருக்கான்."

"என்கிட்டயும் பேசியிருக்கலாமே" என்றார் டாக்டர் ஹோல்ட். "பெற்றோருக்குன்னே கருத்துக் கேட்பு வச்சோம்."

"வச்சீங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானம். அப்ப நான் சீஸ் வெட்டிட்டு இருந்தேன்."

இதைப் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். லாரி ஓட்டியவரும் அந்த வீட்டு வாசலில் நிற்கவில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவரும் நிற்கவில்லை. வித்தியாசம் என்னவென்றால், மார்லிஸை டானெல் பேர் சொல்லிக் கேட்டார். கேட்டதற்கு மார்லிஸ் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க டானெல்?" என்றார் மார்லிஸ்.

"மூடிடுங்க."

படிகளில் முணுமுணுப்பு. டானெல் திரும்பிப் பார்க்கவில்லை. "என் மூத்தவளுக்குப் பத்து வயசு. அவ வகுப்புல நாலு பேர். மூணு பசங்க, இவ ஒருத்தி. இடைவேளைல டீச்சரோட நடக்கறா. டீச்சரோட. வீட்டுக்கு வந்து, அம்மா, கீழ பள்ளிக்கூடத்துல எத்தன பொண்ணுங்க இருக்காங்கன்னு கேக்கறா. உங்களுக்கு ரோடு தெரியும். எனக்கு அவளத் தெரியும்."

மார்லிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் இங்கே வந்ததே பள்ளி மூடக்கூடாது என்றுதான். அவர் வாக்கு இல்லாவிட்டால் பள்ளி போயிற்று. "சின்னவங்க?" என்றார். "அஞ்சு வயசு, ஆறு வயசு?"

"சின்னதுங்களா? என் சின்னவனுக்கு அஞ்சு. அவன அந்த ரோட்டுல யாரு இறக்குவா? அவன் மேலேயே இருக்கட்டும்."

"இப்பதான் மூடச் சொன்னீங்க" என்றார் ரோஜர்.

"மூடறதா வேணாமான்னுதானே எல்லாரும் கேக்கறீங்க. வேற மாதிரி யாரும் கேக்கலயே."

அதன்பிறகுதான் அசல் கூட்டம் நடந்தது. மூன்றாம் வகுப்புவரை மேலேயே இருக்கட்டும், பெரியவர்கள் கீழே வரட்டும் என்று பில்லிஸ் ஆரம்பித்தார். பெரிய பிள்ளைகளும் அதே ரோட்டில்தானே இறங்கவேண்டும் என்றார் மார்லிஸ். அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பனி உறைந்த நாளில் ரோட்டுப் பனி உருக உப்புத் தூவும் வண்டி போய் முடிந்த பிறகே பஸ் கிளம்பவேண்டும், அன்று மேட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு மணிநேரம் தாமதம் என்று எழுதச் சொன்னார். ஒழுகும் கூரையை ஒரு பாதிக்கு மட்டும் மாற்றினால் போதும், மறுபாதியைப் பூட்டிவிடலாம் என்றார் ஹோல்ட். அதை அவர்தான் சொல்ல முடியும். அவருக்குத்தான் கட்டிடம் தெரியும்.

"இத போன மாசமே பேசியிருக்கலாம்" என்றார் ரோஜர்.

"போன மாசம் நான் லாரியில பேசிட்டு இருந்தேன்" என்றார் மார்லிஸ். ரோஜரே சிரித்துவிட்டார்.

வாக்கெடுப்பு. மார்லிஸ் ஆதரவு. பில்லிஸ் ஆதரவு. ரோஜர் ஆதரவு. ஆர்வின் எல்லோருக்கும் கேட்கும்படி "ஆதரவு. நானே யோசிச்சது" என்றார். ஜீன் மட்டும் எதிர்ப்பு.

"எனக்கு முழுப் பள்ளிக்கூடமும் வேணும்" என்றார் ஜீன். "தோத்தாலும் பரவால்ல. யாரையும் கேட்டுட்டுச் சொல்லல."

சாதாரண ஜனங்கள் பள்ளிக் குழுவில் இருக்கலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். இருக்கவேண்டும் என்பேன். அவர்கள் தப்புப் பண்ணமாட்டார்கள் என்பதால் அல்ல. பண்ணுவார்கள், இங்கே பண்ணியதைப் பார்த்தீர்கள். பண்ணினால் மறுநாள் மளிகைக் கடையில் பிடித்து உலுக்கலாம். ஹோல்ட் நல்ல மனிதர், இப்போது வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மார்லிஸ் எங்கே போவார்? ஒன்று மட்டும்: அவர்கள் பேசுவது நம் காதில் விழவேண்டும். நாமும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கைதட்ட மட்டும் போனால், மார்ச்சில் நான் கைதட்டியது போலத்தான் ஆகும்.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. டானெலின் மூத்தவள் கீழே வரும் பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தாள். சின்னவன் மேலே நடந்து போனான். மேட்டுப் பள்ளியில் அன்று காலை வருகை: இருபத்தாறு.